பணிக்கே வராத விமானத்துக்கு என்ன நிறம் பூசுவது?

நிஜ விமானத்தைச் சிறிய அளவில் அப்படியே செய்யும் ஸ்கேல் மாடல்காரர்களிடையே ‘வாட்-இஃப்’ என்று ஒரு பிரிவு உண்டு. நடக்காததை நடந்ததாக வைத்துக்கொண்டு செய்யும் மாடல். பாதியில் கைவிடப்பட்ட போர் விமானம் படையில் சேர்ந்திருந்தால்? ஒரு நாடு வேண்டாமென்று விட்ட ஜெட்டை வாங்கியிருந்தால்? கிட்டை, அதாவது பெட்டியில் வரும் துண்டுகளை, ஒட்டி முடிக்கும் வரை இதில் புதிதாக எதுவும் இல்லை. பெயின்ட் மேசைக்கு வரும்போதுதான் கை நின்றுவிடும். பறந்து தேய்ந்த விமானத்துக்குப் புகைப்படம் இருக்கிறது, பார்த்துப் பூசிவிடலாம். பணிக்கே வராததற்கு எதைப் பார்ப்பது?

எப்படி வேண்டுமானாலும் பூசலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. யாரும் கேட்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் அப்படிப் பூசியது அலமாரியில் பொம்மையாகத்தான் நிற்கும். பார்க்கிறவர் ஒரு நிமிடம் தடுமாறி, “இது நிஜமாகவே இருந்ததோ?” என்று கேட்க வேண்டுமென்றால் மாடலில் ஒரே ஒரு பொய்தான் இருக்கலாம்: இந்த விமானம் படையில் இருந்தது என்பது. நிறம், சின்னம், எண், அழுக்கு எல்லாம் அந்தக் காலத்து உண்மையாக இருக்க வேண்டும். இரண்டாவது பொய் நுழைந்ததும் முதல் பொய்யும் வெளியே தெரிந்துவிடும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் கைக்கு எதுவும் சிக்காது. ஆகவே ஒரே விமானத்தை எடுத்துக்கொள்வோம்: பிரிட்டனின் டிஎஸ்ஆர்-2.

தாழப் பறந்து ஊடுருவித் தாக்கவும் உளவு பார்க்கவும் என்று வடிவமைக்கப்பட்ட இரட்டை எஞ்சின் ஜெட் இது. முதல் விமானமான எக்ஸ்ஆர்219, 1964 செப்டம்பர் 27 அன்று பாஸ்கோம் டவுன் தளத்திலிருந்து பறந்தது. ஓட்டியவர் ரோலண்ட் பீமான்ட். அந்த ஒரு விமானம் மொத்தம் 24 முறை பறந்தது. 1965 ஏப்ரல் 6 அன்று, பட்ஜெட் நாளில், திட்டமே ரத்தானது. இன்று எக்ஸ்ஆர்220 காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்திலும், எக்ஸ்ஆர்222 டக்ஸ்ஃபோர்டிலும் நிற்கின்றன. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 2005-இல் 1/72 அளவிலும், 2009-இல் 1/48 அளவிலும் கிட் வெளியிட்டது. நிஜ விமானத்தின் நீளம் 27.1 மீட்டர், இறக்கை அகலம் 11.3 மீட்டர். 1/72 அளவில் அது 377 மில்லிமீட்டர் நீளம், 157 அகலம். நீளமான, ஒடுங்கிய உருவம். இந்த உருவம் பின்னால் நமக்கு வேலை வைக்கும்.

முதலில் ஆண்டு, பிறகு நிறம்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்து யோசிக்கிறார்கள்: “பச்சையும் சாம்பலும் நன்றாக இருக்கும்.” ஆண்டிலிருந்து யோசியுங்கள். போர் விமானத்தின் நிறம் அழகுக்காகப் பூசுவதில்லை. எந்த உயரத்தில் பறக்கிறது, யார் கண்ணிலிருந்து தப்ப வேண்டும், கீழே என்ன நிலம் என்ற மூன்றும் சேர்ந்து முடிவு செய்வது அது. அந்த மூன்றும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாடலுக்கு ஓர் ஆண்டைக் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிஎஸ்ஆர்-2-இன் சோதனை விமானம் பளபளக்கும் வெள்ளை. அணுகுண்டு வெடிக்கும்போது வரும் ஒளி வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்கான வெள்ளை அது. வல்கன், விக்டர், வேலியன்ட் ஆகிய மூன்று குண்டுவீச்சு விமானங்களும் அதே வெள்ளையில் பறந்தன. அவற்றின் வட்டச் சின்னங்கள்கூட வெளிறிய இளஞ்சிவப்பும் வெளிறிய நீலமுமாக இருந்தன, அடர் நிறம் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால். கிட் பெட்டியைத் திறந்ததும் மனம் போவது இந்த வெள்ளைக்குத்தான். முதல் பொறியும் இதுதான்.

1960 மே 1 அன்று சோவியத் ஏவுகணை ஒன்று மிக உயரத்தில் பறந்த யூ-2 உளவு விமானத்தை வீழ்த்தியது. உயரம் இனிப் பாதுகாப்பு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் தாழப் பறக்கத் தொடங்கின. 1964 வாக்கில் வல்கனின் மேற்புறம் பச்சையும் சாம்பலுமாக மாறியது, அடிப்புறம் மட்டும் வெள்ளையாக நின்றது. மேலேயிருந்து பார்க்கும் எதிரி விமானத்துக்கு நிலத்தோடு நிலமாகத் தெரிய வேண்டும் என்பதே காரணம். ஆகவே 1970-இல் படைப்பிரிவில் இருக்கும் டிஎஸ்ஆர்-2-ஐ முழு வெள்ளையில் காட்டினால் கதை உடைந்துவிடும். பழைய வல்கனே பச்சைக்கு மாறிவிட்டபோது, தாழப் பறப்பதற்கென்றே பிறந்த புதிய விமானம் ஏன் வெள்ளையில் நிற்கிறது? வெள்ளைதான் வேண்டுமென்றால் அதைச் சோதனை நிலைய விமானமாகக் காட்டுங்கள். அப்போது கேள்வி எழாது.

இனி ஆண்டுவாரியாக. பார்க்க வேண்டியது டிஎஸ்ஆர்-2-ஐ அல்ல, அதே வேலையைச் செய்த அண்ணன் தம்பி விமானங்களை. ரத்தானதால் அந்த இடத்துக்கு வந்தவை எவையோ அவைதான் உங்கள் வழிகாட்டி.

1969-70 என்றால் ஃபேன்டமும் பக்கனியரும். மேலே அடர் கடல் சாம்பல், அடர் பச்சை என இரு நிறங்கள். கீழே வெளிர் விமானச் சாம்பல். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் கொண்ட பளிச்சென்ற வட்டச் சின்னம். பெயின்ட் பளபளப்பான பாலியூரிதேன். உருமறைப்பு (கண்ணுக்குத் தப்பப் பூசும் நிறம்) என்றாலே பளபளப்பில்லாத மேட் என்று நினைத்து இந்தக் காலத்து விமானத்தை மேட் வார்னிஷில் முடிப்பவர்கள் பலர். தவறு.

1970-களின் முதல் சில ஆண்டுகளில் சின்னத்திலிருந்து வெள்ளை வளையம் போய்விடுகிறது. சிவப்பும் நீலமும் மட்டும். பளபளப்பும் மங்குகிறது. அதே பத்தாண்டில் ஜாகுவாரிலும் பிறகு மற்றவற்றிலும் பச்சை-சாம்பல் அடிப்புறத்துக்கும் இறங்கிச் சுற்றிக்கொள்கிறது. இதற்கும் எளிய காரணம் உண்டு: மலைக்கு இடையில் தாழப் பறக்கும் விமானம் சட்டென்று சாய்ந்து திரும்பும்போது வெளிர் வயிறு மேலே இருப்பவனுக்கு மின்னலடிப்பதுபோலத் தெரியும். 1980-களின் டொர்னாடோ ஜிஆர்1 இப்படிச் சுற்றிய உருமறைப்பில்தான் படைப்பிரிவுகளுக்கு வந்தது.

1991 என்றால் வளைகுடாப் போர். டொர்னாடோ, ஜாகுவார், பக்கனியர் மூன்றும் பாலைவன இளஞ்சிவப்பு அணிந்தன. வேண்டாதபோது கழுவி எடுத்துவிடக்கூடிய தற்காலிகப் பூச்சு அது. 1990-களின் இறுதி என்றால் டொர்னாடோ ஜிஆர்4 காட்டும் வழி: மேலும் கீழும் ஒரே அடர் உருமறைப்புச் சாம்பல், மிகச் சிறிய வெளிறிய சின்னங்கள். தாழப் பறப்பது குறைந்து நடுத்தர உயரத்துக்குப் போன காலம்.

முதல் முயற்சிக்கு 1970-ஐத்தான் சொல்வோம். மூன்றே நிறம், சின்னங்களை ஒட்டுவதற்கான டெக்கல் தாள் கிடைப்பது எளிது. அந்த நீளமான உடலில் பளபளக்கும் பச்சை-சாம்பல் பட்டைகள் எடுப்பாகவும் இருக்கும். 1990-களின் ஒற்றைச் சாம்பல் சுலபம்போலத் தோன்றும். ஆனால் 377 மில்லிமீட்டருக்கு ஒரே சாம்பலைச் சலிப்பில்லாமல் காட்டப் புதியவர்களிடம் இல்லாத கை வேண்டும்.

வேறு நாட்டுக் கதையும் இதே முறையில் வரும். ஆஸ்திரேலியா டிஎஸ்ஆர்-2-ஐ உண்மையிலேயே பரிசீலித்தது. 1963 அக்டோபரில் அமெரிக்க எஃப்-111-ஐத் தேர்ந்தெடுத்தது. முடிவு மாறியிருந்தால் என்று செய்பவர்கள் ஆஸ்திரேலிய எஃப்-111சி அணிந்திருந்த இரு பச்சையும் ஒரு பழுப்பும் கொண்ட மேற்புறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கத் தரப்பட்டியலான எஃப்எஸ்-இல் 34079, 34102, 30219 என்பவை அந்த மூன்று நிறங்கள். ஒரு கவனம்: ஆஸ்திரேலிய வட்டச் சின்னத்தின் கங்காரு, உடலின் இரு பக்கத்திலும் விமானத்தின் மூக்கை நோக்கிப் பார்க்க வேண்டும். டெக்கல் தாளில் இடம், வலம் என்று தனித்தனியாக இருக்கும். மாற்றி ஒட்டினால் கங்காரு பின்னோக்கி ஓடும்.

நம் பக்கத்துக்கு வந்தால், பெங்களூரில் கர்ட் டாங்க் வடிவமைத்து 1961-இல் பறந்த எச்எஃப்-24 மருத் நல்ல கரு. உடல் நன்றாக அமைந்தும் போதிய வலுவுள்ள எஞ்சின் கிடைக்காமல் போன விமானம். எஞ்சின் கிடைத்து 1990-களிலும் நீடித்திருந்தால் என்று வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து இந்திய ஜாகுவாரின் பச்சை-சாம்பலைப் பாருங்கள்.

வடிவம்: தாளில் கிறுக்காமல் ஏர்பிரஷைத் தொடாதீர்கள்

நிறங்கள் முடிவாகிவிட்டன. அவை எங்கே தொடங்கி எங்கே முடியும்? பக்கனியரின் உருமறைப்பு வரைபடத்தை எடுத்து டிஎஸ்ஆர்-2 மேல் இழுத்து ஒட்டினால் வராது. பக்கனியர் சுமார் 19.3 மீட்டர், இது 27.1. ஒரே வடிவத்தை 1.4 மடங்கு நீட்டினால் பட்டைகள் தடித்துவிடும்; பார்ப்பவருக்கு விமானம் சிறியதாகத் தோன்றும். பட்டையின் அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி. நிஜத்தில் ஒன்றரை மீட்டர் அகலப் பட்டை 1/72-இல் 21 மில்லிமீட்டர். ஒரு கட்டைவிரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் கையேட்டில் உள்ள மேற்பார்வை, பக்கப்பார்வைப் படங்களை மாடலின் அளவுக்கே பெரிதாக்கி நான்கு நகல் எடுங்கள். வண்ணப் பென்சிலால் நான்கு விதமாக வரையுங்கள். வரையும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பட்டைகள் சாய்ந்து, உடலைக் குறுக்காக வெட்டிப் போக வேண்டும். உடலில் தொடங்கிய பச்சை இறக்கையின் அடியில் நின்றுவிடாமல் இறக்கை மேலும் வழிந்து ஓட வேண்டும். உருவத்தின் ஓரக்கோட்டை உடைப்பதுதான் உருமறைப்பின் வேலை. உடல் ஒரு நிறம், இறக்கை ஒரு நிறம் என்றால் ஓரக்கோட்டை நீங்களே எடுத்துக் காட்டுகிறீர்கள். இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கக் கூடாது. மூக்கு முனையும் வால் முனையும் ஒரே நிறத்தில் முடிந்தால் கண் உறுத்தும்.

முடித்ததும் நான்கு தாள்களையும் செல்பேசியில் கறுப்பு-வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். எந்தத் தாளில் விமானத்தின் உருவம் சட்டென்று பிடிபடவில்லையோ அதுதான் சரியான தாள். அதன் இன்னொரு நகலை வெட்டி, பெயின்ட் படக் கூடாத இடத்தை மூடும் மாஸ்க்காகவும் பயன்படுத்தலாம்.

இரண்டு நிறங்கள் சந்திக்கும் ஓரம் கூர்மையா, மங்கலா என்பது தீராத வாக்குவாதம். கணக்குப் போட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. நிஜ விமானத்தில் 50 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கிய ஓரம், 1/72-இல் 0.7 மில்லிமீட்டர். அதாவது கூர்மை என்றே சொல்லிவிடலாம். புகைபோல 3, 4 மில்லிமீட்டருக்குப் பரவிய ஓரம், நிஜத்தில் சுமார் கால் மீட்டருக்கு மங்கியதாக ஆகும். 1/72-இல் சந்தேகம் வந்தால் கூர்மையாகவே விடுங்கள்.

எந்தப் புட்டி

பிரிட்டிஷ் விமான நிறங்களுக்கு பிஎஸ் 381சி என்ற தரப்பட்டியல் எண் உண்டு. பெயரை விட எண்ணை நம்புங்கள். ‘அடர் பச்சை’ என்று பத்து நிறுவனங்கள் பத்துப் பச்சை விற்கின்றன. அடர் பச்சை 641, அடர் கடல் சாம்பல் 638, நடுத்தரக் கடல் சாம்பல் 637, வெளிர் விமானச் சாம்பல் 627, அடர் உருமறைப்புச் சாம்பல் 629. மிஸ்டர் ஹாபி நிறுவனத்தின் தண்ணீர் வகை அக்ரிலிக்கில் எச்330 அடர் பச்சை, எச்331 அடர் கடல் சாம்பல், எச்332 வெளிர் விமானச் சாம்பல், எச்335 நடுத்தரக் கடல் சாம்பல். ஹம்ப்ரால் எனாமலில் வரிசையாக 163, 164, 166, 165.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. வல்கனின் மேற்புறச் சாம்பல் நடுத்தரக் கடல் சாம்பல். ஃபேன்டம், பக்கனியரின் சாம்பல் அடர் கடல் சாம்பல். டிஎஸ்ஆர்-2-ஐ வல்கனின் வாரிசாகக் காட்டுகிறீர்களா, பக்கனியரின் இடத்தில் நிறுத்துகிறீர்களா என்பதைப் பொறுத்துச் சாம்பல் மாறும். 1966-இல் படைக்கு வந்த முதல் சில விமானங்கள் என்று கதை அமைத்தால் வல்கன் சாம்பலும் வெள்ளை வயிறும் பொருந்தும். கதைக்கும் புட்டிக்கும் இவ்வளவு நெருக்கம்.

கணினித் திரையில் தெரியும் பழைய புகைப்படத்தைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள். வெளுத்த ஃபிலிமில் அடர் பச்சை பழுப்பாகத் தெரியும். நேராகப் புட்டியிலிருந்து பூசினால் சின்ன மாடலில் கொஞ்சம் கறுத்துத் தெரியும் என்பதும் உண்மை. பத்துத் துளிக்கு ஒரு துளி வெளிர் சாம்பல் சேர்த்துக்கொள்ளலாம். பச்சையில் வெள்ளையைச் சேர்த்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். அதற்குப் பதில் சிறிது மஞ்சள் கலந்த பழுப்பு நல்லது.

அளவு: 1/72 மாடலின் இருநிற மேற்புறத்துக்கு ஒவ்வொரு நிறமும் 10 மில்லி புட்டி ஒன்று தாராளம். முழு வெள்ளை என்றால் இரண்டு புட்டி வாங்குங்கள், வெள்ளை மறைக்காது. 1/48 என்றால் பரப்பு இரண்டேகால் மடங்கு, பெயின்ட்டும் அப்படியே.

பூசும் வரிசை

ஒட்டி முடித்த மாடலைப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி ஒரு நாள் உலர விடுங்கள். விரல் எண்ணெயும் அச்சு எண்ணெயும் போகாவிட்டால் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரியும். அடிப்பூச்சான பிரைமர் வெளிர் சாம்பல். அடிப்புறம் வெள்ளை என்றால் அங்கே மட்டும் வெள்ளைப் பிரைமர். சாம்பல் மேல் வெள்ளை ஏற்ற ஆறேழு படலம் ஆகும், அதற்குள் தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் அடைந்துவிடும்.

மிஸ்டர் ஹாபி அக்ரிலிக்கை ஒரு பங்குக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு தின்னர் கலந்து, ஏர்பிரஷின் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) 0.3 மில்லிமீட்டர் ஊசியில், 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடியுங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாக வந்தால் பெயின்ட் காற்றிலேயே உலர்ந்து விழுகிறது: கிட்டே போங்கள், அல்லது தின்னரைக் கூட்டுங்கள். சிலந்திக் கால்போல ஓடினால் தின்னர் அதிகம், அல்லது ரொம்பக் கிட்டே. லாக்கர் வகை பெயின்ட் பயன்படுத்துகிறவர்கள், சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடிக்க வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் படிகிறது. வெள்ளைப் புகை படர்ந்ததுபோல நின்றுவிடும்.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. அடிப்புற வெளிர் சாம்பலை அடித்து, ஒரு நாள் கழித்து அதை மூடுங்கள். பிறகு மேற்புறம் முழுக்க அடர் கடல் சாம்பல். பச்சை வர வேண்டிய இடத்திலும் சாம்பல் அடிக்க வேண்டுமா என்றால், ஓரத்தைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் போதும். அடுத்த நாள் மாஸ்க்.

கூர்மையான ஓரத்துக்கு மாஸ்கிங் டேப்பை வளைவாக வெட்டி ஒட்டி, ஓரத்தைப் பல்குச்சியால் அழுத்துங்கள். அதன்மேல் முதலில் இன்னொரு முறை சாம்பலையே மெலிதாக அடித்துவிடுங்கள். டேப்பின் அடியில் கசிவதற்கு இடமிருந்தால் சாம்பலே கசிந்து அடைத்துவிடும், பிறகு வரும் பச்சை உள்ளே போகாது. இந்த ஒரு படியை விட்டதால் கெட்டுப்போன மாடல்கள் ஏராளம். லேசாக மங்கிய ஓரம் வேண்டுமென்றால் ப்ளூ-டாக் பசையை 2, 3 மில்லிமீட்டர் தடிப்பில் திரியாக உருட்டி எல்லைக்கோட்டில் வையுங்கள். ஏர்பிரஷை நேர் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்து அடித்தால் திரியின் அடியில் பெயின்ட் நுழைந்து ஒரு பக்கம் கூர்மை, ஒரு பக்கம் மங்கல் என்று ஆகும். ப்ளூ-டாக்கை இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், எண்ணெய்க்கறை தங்கும்.

டிஎஸ்ஆர்-2-இன் பின் முனை, எஞ்சின் வெளியேற்றிகளைச் சுற்றிய பகுதி, வெறும் உலோகமாக இருந்தது. எந்த ஆண்டைக் காட்டினாலும் அதை உருமறைப்புக்குள் கொண்டுவர வேண்டாம். அந்த வெப்பத்தில் சாதாரண பெயின்ட் நிற்காது. பளபளக்கும் கறுப்பை அடிப்படையாக அடித்து, மேலே எஃகு நிறம் ஏற்றினால் உலோகம் உலோகமாகத் தெரியும்.

பாலைவன இளஞ்சிவப்புக்கு மட்டும் வேறு வழி

1991-ஐத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது. பெயரைப் பார்த்து ரோஸ் நிறம் என்று நினைக்க வேண்டாம். மணலில் லேசாகச் செம்மை கலந்த நிறம் அது; ‘பிங்க்’ என்பதைவிட வெயிலில் காய்ந்த செங்கல் தூசிக்குக் கிட்டே. அந்தத் தற்காலிகப் பூச்சு இறக்கையின் முன் விளிம்பிலும் ஆட்கள் ஏறி இறங்கிய இடத்திலும் தேய்ந்து, அடியிலிருந்த பச்சையும் சாம்பலும் எட்டிப் பார்த்தன. மாடலிலும் அப்படியே செய்யலாம்.

முதலில் பச்சை-சாம்பல் உருமறைப்பை முழுதாக முடித்துப் பளபளப்பு வார்னிஷ் அடித்து இரண்டு நாள் விடுங்கள். அதன்மேல் கடையில் கிடைக்கும் சாதாரண ஹேர்ஸ்பிரே, இரண்டு மெல்லிய படலம். அரை மணி நேரம் கழித்து மணல் நிற அக்ரிலிக்கைத் தண்ணீரில் கரைத்து அடியுங்கள். லாக்கர் தின்னரில் கரைத்தால் ஹேர்ஸ்பிரேயைத் துளைத்துக் கீழே பிடித்துக்கொள்ளும், பிறகு எதுவும் உரியாது. இன்னொரு அரை மணி நேரத்தில், ஈரமான விறைத்த பிரஷால் முன் விளிம்பு, காற்று நுழைவாயின் உதடு, காக்பிட் ஓரம் ஆகியவற்றை மட்டும் லேசாகத் தேயுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கி ஹேர்ஸ்பிரே கரையும். மேல் நிறம் சில்லுச் சில்லாக வரும். கைக்கு ருசி பட்டதும் நிறுத்த மனம் வராது. நிறுத்துங்கள்.

சின்னங்கள்

டெக்கல்தான் கதையைச் சொல்கிறது. 1970 டிஎஸ்ஆர்-2-க்கு அதே அளவு ஃபேன்டம் அல்லது பக்கனியர் டெக்கல் தாள் ஒன்று போதும். வட்டச் சின்னத்தின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: நிஜத்தில் 36 அங்குலம் என்றால் 1/72-இல் 12.7 மில்லிமீட்டர், 18 அங்குலம் என்றால் 6.35. இறக்கையில் ஒட்டும்போது, டிஎஸ்ஆர்-2-இன் இறக்கை நுனி கீழ்நோக்கி மடிந்திருப்பதை மறக்காதீர்கள். மடிப்பின் குறுக்கே சின்னம் விழுந்தால் டெக்கல் சுருங்கும், கிழியும். கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். வாலும் சிறியது, அதுவும் முழுதாக அசையும் ஒரே துண்டு. டொர்னாடோவின் பெரிய வாலுக்கு வரைந்த படைப்பிரிவுச் சின்னம் அங்கே கொள்ளாது. பக்கனியர் பிரிவுகளைப்போல உடலின் முன்பக்கத்தில் சின்னதாக வைப்பது நல்லது.

படைப்பிரிவாக 1969-இல் பக்கனியர் பெற்ற 12-ஆம் ஸ்குவாட்ரனை எடுத்தால் நரி முகம் கிடைக்கிறது. ஜெர்மனியில் லார்ப்ரூக் தளத்தில் இருந்த 15, 16 ஸ்குவாட்ரன்களும் பொருந்தும். மூன்றும் நிஜத்தில் தாழப் பறந்து தாக்கும் வேலையைச் செய்தவை. வானத்தில் இடைமறிக்கும் வேலை செய்த பிரிவின் சின்னத்தை அழகாக இருக்கிறதென்று ஒட்டினால், தெரிந்தவர் கண் அங்கேதான் போகும்.

வரிசை எண்ணில்தான் உண்மையான சுவை இருக்கிறது. சோதனை விமானங்களுக்கு எக்ஸ்ஆர்219 முதல் 227 வரையும், அடுத்த 11 விமானங்களுக்கு எக்ஸ்எஸ்660 முதல் 670 வரையும் எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பறக்காத எக்ஸ்எஸ்665-ஐ எழுதினால், கற்பனை எண் தேவையே இல்லை. அரசே கொடுத்த எண் காலியாகக் கிடக்கிறது. 8 அங்குல எழுத்து 1/72-இல் 2.8 மில்லிமீட்டர் உயரம். தனி எழுத்துகளை வெட்டி ஒட்டும்போது வரிசை கோணினால் மொத்த மாடலும் கோணலாகத் தெரியும். மாஸ்கிங் டேப்பின் நேர் விளிம்பை அடிக்கோடாக வைத்து அதன்மேல் எழுத்துகளை நிறுத்துங்கள்.

ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மேட் பரப்பின் குழிகளில் காற்று சிக்கி, டெக்கலின் தெளிந்த ஓரம் வெள்ளிபோல மின்னும். மாடல் செய்பவர்கள் ‘சில்வரிங்’ என்பது இதைத்தான். அப்படி ஆகிவிட்டால் ஊசியால் நுண்ணிய துளைகள் போட்டு டெக்கலை மென்மையாக்கும் மைக்ரோ சால் திரவத்தை வையுங்கள். டெக்கல் முதலில் சுருங்கும். பயந்து விரலால் தொடாதீர்கள், உலரும்போது தானே படியும்.

எவ்வளவு அழுக்கு

இதற்கும் ஆண்டுதான் பதில். 1970-இல் புதிதாக வந்த பளபளக்கும் விமானத்தில் பேனல் கோடுகளைக் கறுப்பாக எடுத்துக் காட்டினால் பொருந்தாது. அடர் சாம்பல் வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) மெலிதாக, அதுவும் அசையும் பரப்புகளின் கீல் ஓரத்தில் மட்டும். கடைசி வார்னிஷ், பாதிப் பளபளப்பான சாட்டினை விடக் கொஞ்சம் பளபளப்பு. 1985 என்றால் சுற்றிய உருமறைப்பு, மேட் வார்னிஷ், இங்கும் அங்கும் புதிதாகத் தொட்டுப் பூசிய பச்சைத் திட்டுகள். படைப்பிரிவில் ஆட்கள் கையில் கிடைத்த பிரஷால் பூசுவார்கள்; அந்தத் திட்டு சுற்றியுள்ள வெளுத்த பச்சையைவிடச் சற்று அடர்த்தியாக இருக்க வேண்டும். 1991 என்றால் புகை, தேய்மானம், மூக்கருகே வரைந்த படம், ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டு உருவம். குண்டுகளை எண்ணி வரையுங்கள். அந்தப் போரின் வான்தாக்குதல் ஆறு வாரம்தான் நடந்தது; ஒரே விமானத்தில் நூற்றிருபது குண்டு உருவம் வரைந்தால் நாள்கணக்கு இடிக்கும்.